கொக்குச் சட்டையைத் திரும்பத் தர வேண்டி

அனுப்புநர்:
மு. அனுசுயா, பி.ஏ.,
(க/பெ. முனீஸ்)
4/117-சி, குப்பாயி அம்மாள் லைன் வீடு,
நொச்சிப்புதூர், திருப்பூர் வழி.

பெறுநர்:
வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

பொருள்: நொச்சிப்புதூர் ஊராட்சித் தலைவர் தேர்தல் செலவு குறித்த விசாரணை – சான்றுப்பொருள் எண் 6 ஆகத் தங்கள் வசம் உள்ள குழந்தைச் சட்டை – என் வாக்குமூலத்தைத் திருத்தவும் சட்டையைத் திருப்பித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் முன் நான் கையெழுத்திட்ட வாக்குமூலம், நாள் 16.11.2006.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட வாக்குமூலத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு சொல் இருக்கிறது. அது தவறு. நான் யாரிடமும் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டது என் பிழை. பட்டம் வாங்கியவள், அதுவும் தமிழில் எழுதியிருந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனாலேயே பதினொரு நாள் ஓடிவிட்டது. வரும் வியாழக்கிழமை தாங்கள் ஆட்சியர் அவர்களுக்கு அறிக்கை அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்ட பிறகு, இனியும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

1. எங்கள் ஊராட்சியின் நிலை தாங்கள் அறிந்ததே. பத்து ஆண்டுகள் தலைவராக இருந்த திருமதி மருதம்மாள் அவர்கள் கடந்த மாதத் தேர்தலில் நான்கு வாக்குகளில் தோற்றார். வென்ற திருமதி சித்ராதேவி அவர்கள் உறுதிமொழியும் எடுத்துவிட்டார். ஆனால் அலுவலகச் சாவியும் முத்திரையும் மருதம்மாள் அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன. செலவுக் கணக்கில் காட்டாத பனியன்களை வீடு வீடாகக் கொடுத்து வாக்கு வாங்கிவிட்டார்கள், அதற்கு ஒரு முடிவு தெரியும் வரை சாவி தரமாட்டேன் என்கிறார். புதியவர் ரேஷன் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து மனு வாங்குகிறார். இரண்டு தலைவர்கள் இருந்தும், எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்யக் கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை. தண்ணீரைப் பற்றி மற்றவர்கள் தங்களுக்கு எழுதியிருப்பார்கள். நான் சட்டையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2. சித்ராதேவி அவர்களின் சின்னம் கத்தரிக்கோல். அவருடைய கணவரின் அண்ணன் திரு. தங்கவேலு அவர்கள் தம் சொந்தச் செலவில், தம் பனியன் கம்பெனியிலேயே பிரசாரப் பனியன்களை அச்சடித்துத் தைத்துக் கொடுத்தார். என் கணவர் அங்கே டெய்லர். அச்சடிக்கும்போது அச்சுச் சட்டத்தின் திரையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, கத்தரிக்கோலின் நுனிக்கு மேலே ஒரு மைப்பொட்டு விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைக் கவனிப்பதற்குள் பதினொரு துண்டுகள் கெட்டுவிட்டன. "கத்திரிக்கோலு மேல ஈ உக்காந்தாப்ல இருக்குது. இதப் போட்டுட்டுப் போயி ஓட்டுக் கேட்டா கைகொட்டிச் சிரிப்பாங்க" என்று சொல்லிக் கட்டிங் மாஸ்டர் அவற்றைக் கழித்துப் போட்டாராம். கழிவுத் துணி மூட்டையிலிருந்து இரண்டு துண்டுகளை என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கேட்டு எடுத்தாரா என்றால், இல்லை. இதை மனுவில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. இத மறைச்சா அப்பறம் மத்ததையும் யாரு நம்புவா? வேலை போச்சுன்னா திருப்பூர்ல மிஷினுக்கா பஞ்சம்?" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். பயப்படும் வேலையை என்னிடம் விட்டுவிடுவார். நானும் அதைக் குறைவில்லாமல் செய்துவருகிறேன்.

3. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆர்டர் அவசரத்தில் அந்த மாதம் அவருக்குக் கிடைத்த ஒரே விடுமுறை. மற்ற நாட்களில் மகள் விழிக்கும் முன் கம்பெனி வேனில் ஏறிவிடுவார். அவள் உறங்கிய பின்பே திரும்புவார். துணியைத் தரையில் விரித்து, மகளின் பழைய சட்டையை அதன் மேல் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வினிதா (வயது இரண்டு ஆண்டு நான்கு மாதம்) அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு நேராகத் தெரிந்த கத்தரிக்கோல் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. விரல் நுழைக்கும் வளையங்கள் இரண்டும் இரண்டு கண்கள். அவற்றின் கீழே நீளமான அலகு. அலகின் நுனியில் அந்த மைப்பொட்டு. "அப்பா, கொக்கு. மீன் புடிக்கிது" என்றாள். அதுவரை எங்கள் இருவருக்கும் கத்தரிக்கோல்தான் தெரிந்தது. அவள் சொன்ன பிறகு எவ்வளவு முயன்றாலும் கொக்குதான் தெரிகிறது. என் கணவர் துணியை அரை வட்டம் சுற்றித் திருப்பி, அவள் பார்த்த வாக்கிலேயே வெட்டினார். பக்கத்து வீட்டுத் தையல் மிஷினில் அன்று மாலையே தைத்துப் போட்டுவிட்டார்.

4. தனியாக வேறு சட்டை வாங்கிக் கொடுக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். என் மகள் பிறந்ததிலிருந்தே சாப்பாட்டுக்கு வாய் திறக்காதவள். அங்கன்வாடியில் ஒவ்வொரு மாதமும் எடை போடும்போது நான் முள்ளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இந்தச் சட்டை வந்த பிறகு, கொக்குக்கு ஒரு வாய் கொடுத்தால் தானும் ஒரு வாய் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். செப்டம்பரில் ஒன்பது கிலோ இருநூறு கிராம் இருந்தவள் அக்டோபர் கடைசியில் பத்துக் கிலோவைத் தொட்டாள். எடை போட்ட அக்கா இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இப்போது மறுபடியும் ஒன்பதரைக்கு இறங்கிவிட்டாள். கரண்டியை நீட்டினால், "கொக்கு இன்னும் சாப்புடல" என்று வாயை மூடிக்கொள்கிறாள். சட்டையின் முன்பக்கம் உள்ள மஞ்சள் கறை பருப்புச் சோறு என்பதையும், மை அல்ல என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. கடந்த 9ஆம் தேதி துவைத்துக் கொடியில் போட்டிருந்த சட்டையை, மருதம்மாள் அவர்களின் தம்பி திரு. ராசப்பன் எடுத்துச் சென்று, குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் வேட்பாளர் சட்டை கொடுத்தார் என்பதற்குச் சான்றாகத் தங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். நான் மருதம்மாள் அவர்களிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார். "ஏங் கண்ணு, ஊட்டுல கேட்டு வாங்கியாந்தேன்னுதான எங்கிட்டச் சொன்னான். கொடியில கெடந்ததயா எடுத்தான்?" என்றார். அன்று மாலையே திருப்பூர் காதர்பேட்டைக் கடையிலிருந்து ஒரு கவுன் வாங்கி, தாமே கொண்டுவந்து, "இதப் போட்டுக்க சாமி" என்று குழந்தையிடம் கெஞ்சினார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

6. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இடுப்பு வலி கண்ட அன்று என் கணவர் கம்பெனியில் இருந்தார். எங்கள் சொந்தங்கள் அருப்புக்கோட்டையில். மருதம்மாள் அவர்கள்தான் தம் காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் மகளை முதலில் கையில் வாங்கியவர் அவர். சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தவரும் அவரே. சேனை வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். பிடித்ததை விடாத குணம் அப்படியே வந்திருக்கிறது. ஒருவர் சாவியை விடமாட்டேன் என்கிறார், இன்னொருத்தி சட்டையை. இருவருக்கும் நடுவில் நான் சோற்றுக் கிண்ணத்தோடு நிற்கிறேன்.

7. சித்ராதேவி அவர்களும் எங்களுக்கு வேண்டாதவர் அல்லர். அதே கம்பெனியில் அவர் சூப்பர்வைசராக இருந்தபோது அவர் கீழ் நான் செக்கிங் வேலை பார்த்தேன். மாசமாக இருந்த எனக்கு அவர் தம் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வேலை வாங்கிய நாட்கள் உண்டு. சட்டை போன செய்தி கேட்டு, கத்தரிக்கோல் நேராக அச்சான சின்னச் சட்டை ஒன்றைத் தாமே தைத்து அனுப்பினார். அதைப் பார்த்த மகள், "கொக்கு செத்துப்போச்சு" என்று சொல்லி அழுத அழுகையில் லைன் வீடு முழுவதும் எழுந்து வந்துவிட்டது. அவர் தரப்பினர் என்னிடம் வந்து, "சட்டையே எங்க கம்பெனித் துணி இல்லீன்னு சொல்லீருங்க, மத்தத நாங்க பாத்துக்கறோமுங்க" என்றார்கள். அதுவும் பொய்தான். துணி அவர்கள் கம்பெனித் துணியே. ஆனால் அவர்கள் கொடுத்ததல்ல.

8. 16ஆம் தேதி தாங்கள் விசாரணைக்கு அழைத்தபோது குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். சின்னம் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டையின் அடிப்பகுதியைக் கிளிப் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்கள். கழுத்து கீழே தொங்கியது. குழந்தை அதைப் பார்த்ததும், "அம்மா, கொக்கு தலகீழாத் தொங்குது" என்று என் தோளை அடித்து அழ ஆரம்பித்தாள். தாங்கள் இரக்கப்பட்டு மேசை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தீர்கள். அவள் அதைக் கொக்கை நோக்கி நீட்டினாள். தங்களுக்கே திருப்பித் தருகிறாள் என்று நினைத்துத் தாங்கள் சிரித்தீர்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, "துணி தங்கவேலு கம்பெனித் துணிதானேம்மா?" என்று எழுத்தர் கேட்டார். ஆமாம் என்றேன். அதைத்தான் "பெற்றுக்கொண்டேன்" என்று அவர் எழுதினார், நான் கையெழுத்திட்டேன். அவர் மேல் எனக்குக் குறையில்லை. அந்த அழுகையில் யாராக இருந்தாலும் சீக்கிரம் முடித்து அனுப்பத்தான் பார்ப்பார்கள்.

9. நான் சொல்வதை நம்புவதற்கு என் சொல் தேவையில்லை, ஐயா. தோள்பட்டை மேலே வரும்படி சட்டையைப் பிடித்துப் பாருங்கள். சின்னம் தலைகீழாக இருக்கும். தம் சின்னத்தைத் தலைகீழாகக் காட்டி எந்த வேட்பாளரும் வாக்குக் கேட்டதில்லை. அடுத்து, அந்த மைப்பொட்டு. தங்களிடம் சான்றாக வந்துள்ள மற்ற ஐந்து பனியன்களில் அது இருக்காது, இருந்தால் கழித்திருப்பார்கள். கடைசியாக, கழுத்துப் பட்டி பச்சை, கைப் பட்டி நீலம். கம்பெனியில் அப்படித் தைத்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். என் கணவர் கையில் கிடைத்த மிச்சத்தை வைத்து அப்படித் தைத்தார்.

10. இதனால் ஒருவர் பதவி நிற்கும், இன்னொருவர் வழக்கு தளரும் என்பது எனக்குத் தெரியும். நான் சித்ராதேவி அவர்களின் ஆள் என்று தாங்கள் எண்ண வேண்டாம். யாருக்கு வாக்களித்தேன் என்பது என்னோடு இருக்கட்டும். என் மகளுக்குச் சேனை வைத்தவரைத் தாண்டி என் கை போகாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவருக்குத் தெரியாமல் எழுதக்கூடாது என்று நேற்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "எழுதிக்க கண்ணு. நாலு ஓட்டுல தோத்தது பத்தாதுன்னு, கொழந்த சட்டையக் காட்டிச் செயிச்சேன்னு ஒரு பேரு வேறயா எனக்கு?" என்றார். நான் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, "ஆனா சாவி சாவிதான். அதுக்கு ஆர்டர் வரட்டும்" என்றார். அதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

எனவே, என் வாக்குமூலத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்பதை அடித்து, "கழிவுத் துணியில் என் கணவர் தைத்தது" என்று எழுதிக்கொள்ளவும், மேற்படி சட்டையை என் மகளிடம் சேர்க்கவும் வேண்டுகிறேன். அதற்கு ஈடாக, அதே பொட்டு விழுந்த, தைக்கப்படாத மற்றொரு துண்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். அடுத்த சட்டைக்கென்று பத்திரமாக வைத்திருந்தது. விசாரணை எத்தனை மாதம் நடந்தாலும் அது தங்கள் கோப்பிலேயே இருக்கலாம். துணியை எடுத்ததற்காக என் கணவர் ஏதேனும் கட்ட வேண்டுமென்றால் கட்டிவிடுகிறோம்.

நாள்: 27.11.2006
இடம்: நொச்சிப்புதூர்

தங்கள் உண்மையுள்ள,
மு. அனுசுயா
(இம்முறை இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுள்ளேன்)

இணைப்பு:
1. அச்சடித்த துணித் துண்டு – ஒன்று
2. அங்கன்வாடி எடை அட்டை – நகல்

குறிப்பு: சட்டையைத் துவைத்துத் தர வேண்டாம். வியாழக்கிழமைக்கு முன் தர இயலாது என்றால், அதுவரை தோள்பட்டை மேலே வரும்படி மாட்டி வைக்கச் சொல்லுங்கள். ஆபீசில் கொக்கு நேராகத்தான் நிற்கிறது என்று மகளிடம் சொல்லி, இன்று மதியம் நான்கு வாய் ஊட்டிவிட்டேன்.