லாரி முகங்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மேனேஜர் தங்கவேலுவை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் சங்ககிரி லாரி ஆபீசில் ஒவ்வொரு வண்டிக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் உண்டு. எல்லாம் ஒரே மஞ்சள், கீழே வண்டி நம்பர் மட்டும். முதலாளிக்கு நம்பர் மனதில் நிற்காது. முகத்தை வைத்துத்தான் வண்டியைச் சொல்வார். அதனால் வண்டிகள் ஷெட்டுக்கு வர வர, முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து அந்தந்த ஃபோல்டருக்குப் படமாக வைத்தேன். கொம்பு வைத்த வண்டி, கண் வரைந்த வண்டி என்று திரை நிறைய லாரிகள் நின்றன.

இன்று முதலாளி பார்த்துவிட்டார். "அட, நம்ம வண்டிக மூஞ்சியெல்லாம் அப்படியே இருக்குதே! ஆரு பண்ணுனது?"

"நான்தானுங்க," என்றார் தங்கவேலு, என் பக்கம் பார்க்காமலே.

"நாளைக்குச் சம்பந்தியக் கூட்டிட்டு வாரேன். அவருக்கும் இதக் காட்டுங்க."

முதலாளி போனதும் நியாயம் கேட்டேன். "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? நீ டைப் அடிச்சாப் போதும்," என்றார்.

மாலையில் அவர் கிளம்பியதும், ஒவ்வொரு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸுக்கும் போய்ப் படத்தை எடுத்துவிட்டேன். உள்ளே இருக்கும் ஆர்.சி., இன்சூரன்ஸ் எதையும் தொடவில்லை. வெளியே மட்டும் பழைய மஞ்சள். போட்டோக்கள் என் போனில் இருக்கின்றன.

பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் பயமாக இருந்தது. வேலை போய்விட்டால்... போகட்டும்.

நாளை சம்பந்தி எதிரில் முதலாளி, "அந்தக் கொம்பு வண்டியத் தொறங்க" என்பார். தங்கவேலு மஞ்சளுக்குள் மஞ்சளைத் தேடுவார். கடைசியில் என் பக்கம் திரும்புவார்.

நான் டைப் அடித்துக்கொண்டிருப்பேன்.