ஒரு கதவு எண், ஒன்பது குடும்பம்

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். வேட்டி காயவில்லை.

முதியோர் வகுப்பில் படித்த ஆள் வேண்டும் என்று காவ்யா வந்தார். கோவைப் பெண். எங்கள் வேலம்பாளையத்து ஏழை ஜனங்களுக்காகப் போனில் ஒரு செயலி செய்கிறார். இலவச மருந்து, குழந்தைக் காப்பகம், டயாலிசிஸ் வண்டி எல்லாம் அதிலேயே கேட்டு வாங்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கு விளங்குகிறதா என்று பார்க்க நான். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு வேலை!

'சமர்ப்பி' விளங்கவில்லை என்றேன். 'அனுப்பு' என்று மாற்றினார். நான் சொல்லி ஒரு சொல் மாறியது.

"நாளைக்குக் காலைல எல்லாருக்கும் திறந்துருமுங்க தாத்தா. உங்க போன்லயும் போட்டு உட்டிருக்கேன்."

இன்று படித்தவை:
தாராபுரம் பஸ், மூலனூர் பஸ் (யாரையும் கேட்காமல்)
டீக்கடைப் பலகை
மாத்திரை அட்டை, பாதி

ஐப்பசி 5, செவ்வாய்

வெயில். செயலி திறந்ததும் முதல் ஆள் நான்தான் என நினைக்கிறேன். பழனிச்சாமி. கதவு எண் 14. பிழையில்லை. கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் 'வேண்டுமா?' என்று கேட்டது. படிக்கப் படிக்க, 'வேண்டும்', 'வேண்டும்'. எல்லாவற்றையும் அழுத்தி 'அனுப்பு'. காப்பகத்துக்கும் சேர்த்து. சிரிப்பு வந்தது.

மாலை. பக்கத்து அறை ஜெபமணி போனோடு வந்தாள். சாத்தூர்ப் பக்கம். பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை. புருஷன் செல்வராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். அந்த வண்டி கிடைத்தால் இவள் லீவு போடாமல் வேலைக்குப் போகலாம்.

"இந்தச் செவப்பு எழுத்து என்ன தாத்தா சொல்லுது? எனக்கு ஒண்ணும் ஓடல."

கொடு என்று வாங்கிச் சத்தமாகப் படித்தேன். 'இந்தக் கதவு எண்ணுக்கு வண்டியில் இடம் ஏற்கனவே தரப்பட்டுவிட்டது.' ஓரிடத்திலும் திக்கவில்லை. பெருமையாக நிமிர்ந்தேன். அதன் பிறகுதான் படித்தது என்ன என்று விளங்கியது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் ஒன்பது அறை, அறைக்கு ஒரு குடும்பம். கேட்டில் ஒரே எண், 14.

ஐப்பசி 7, வியாழன்

மூட்டம். காவ்யாவிடம் போனில் பேசினேன்.

"ஒம்பது ஊட்டுக்கும் ஒரே நம்பருங்களா?"

"ஆமாங்க கண்ணு. லைன் ஊடுன்னா அப்படித்தானுங்க."

ஒரே வீட்டார் இரண்டு தடவை வாங்கக் கூடாது என்று அப்படி வைத்தாராம். லைன் வீட்டை அவர் பார்த்ததில்லை. திங்களன்று வந்தபோதும் கேட்டருகே நின்றுதான் பேசினார்.

வண்டியில் எனக்குத் தந்த இடத்தை நீக்கியாகிவிட்டது. ஆனால் அது வரிசையில் அடுத்து நின்ற வேறு தெருக்காரருக்குப் போய்விட்டது. அடுத்த இடம் எப்போது என்று தெரியாதாம். "தப்பு என்னுதுங்க தாத்தா," என்றார். என்னுடையதும்தான்.

ஐப்பசி 8, வெள்ளி

ஜெ.வை வேலைக்கு அனுப்பிவிட்டுச் செல்வராஜை நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். போகும்போது பலகைகளைப் படித்துக் காட்டினேன். "வாத்தியாரே, கொஞ்சம் மூச்சு வுடும்யா," என்றார். சிரித்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். இறங்கியதும் அப்படியே சரிந்துவிட்டார். தாங்கப் போய் நானும் விழுந்தேன். முழங்கால் வீக்கம். பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

ஜெ. இரவு: "இனிமே வேண்டாம் தாத்தா. நீங்களும் விழுந்தா ஆரு தூக்குறது?"

ஐப்பசி 11, திங்கள்

மழை. ஜெ.யின் கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம், வாரம் இரண்டு நாள் லீவு என்றால் மொத்தமாக நின்றுகொள் என்று.

நான் செய்த வேலைதான் இது என்று அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"விடுங்க தாத்தா. நீங்க வேணும்னா செஞ்சிய?"



ஐப்பசி 20, புதன்

மழை விட்டது. முழங்கால் பரவாயில்லை.

முந்தாநாள் ஜெ. வேலையை விட்டுக் குடும்பத்தோடு சாத்தூருக்குப் போய்விட்டாள். அண்ணன் வீடாம். இரண்டு மூட்டை, ஒரு டேபிள் ஃபேன். செல்வராஜ் ஆட்டோவில் இருந்தபடி, "வாத்தியாரே, எங்க பஸ்ஸு போர்ட வாசிச்சுச் சொல்லும்," என்றார். பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் படித்துச் சொன்னேன். சரியான பஸ்தான்.

இன்று காலை காவ்யா போன். "மாத்தியாச்சுங்க தாத்தா. திறந்து பாருங்க." திறந்தேன். கதவு எண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு வரி. கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன்.

'இந்தக் கதவு எண்ணில் எத்தனை குடும்பங்கள்?'

எட்டு என்று போட்டு அனுப்பினேன்.