கொதிக்க வைத்த மோர்

அப்பா,

நீங்கள் கொதிக்க வைத்த மோரைக் கொட்டிவிட்டேன். கொதித்ததில் அதிலிருந்த நல்ல கிருமியெல்லாம் செத்துவிட்டது. "கிருமியில என்னட்டி நல்ல கிருமி, கெட்ட கிருமி? பூச்சியப் படிச்சவ பேச்சப் பாரு" என்று நேற்றுச் சிரித்தீர்கள். வந்த கோபத்தில் நான் எழுந்து போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

சீதபேதிக்குத் தின்ற மாத்திரை கெட்டதோடு நல்ல கிருமிகளையும் கொன்றிருக்கும். மிஞ்சியதுகள் உங்கள் வயிற்றுக்குள் சும்மா இல்லை. கம்பங்கூழின் நாரைப் புளிக்க வைத்துப் புண்பட்ட குடல்சுவருக்குத் தீனி போடுகின்றன. அந்தத் தீனியில்தான் சுவர் புதுத்தோல் கட்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வெறும் கோடும் புள்ளியும்தான். அதுகளுக்கு இவ்வளவு சாமர்த்தியம்! படித்த படிப்பில் நான் அசந்துபோனது இதற்குத்தான்.

பானையில் கூழ் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சைத்தூன் பீவியக்கா கொடுத்த புது மோர் தூக்குவாளியில் இருக்கிறது. அதையும் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

மழை பெய்துவிட்டதென்று காட்டுக்கு விதைக்கக் கிளம்ப வேண்டாம். தம்பி ஹரி போயிருக்கிறான். டாக்டர் கொடுத்த மாத்திரை முடிந்துவிட்டது. மெடிக்கல் அண்ணாச்சியிடம் நீங்களாக இன்னொரு அட்டை வாங்காதீர்கள். காய்ச்சல் திரும்பினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

காளீஸ்வரி

பி.கு: என் படிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசுங்கள். கூழைக் குடித்துவிட்டுப் பேசுங்கள். கேலி பேசவும் தெம்பு வேண்டும்.