படிக்காமல் கொடுத்த புத்தகம்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலேயே நாற்பது பெட்டி வந்து இறங்கியது. பிரித்து, விலைச்சீட்டு ஒட்டி, அடுக்கி முடிப்பதற்குள் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. "புத்தகக் கடையில வேலைன்னா நாள் பூரா படிச்சிட்டே இருப்பீங்க, இல்ல?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். நான் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து ஆறு வருடம் ஆகிறது என்று சொன்னால் மனிதர் உடைந்துபோவார். தூக்கத் தெரியும், துடைக்கத் தெரியும், பின்னட்டையை ஒப்பிக்கத் தெரியும். வியாபாரத்துக்கு அது போதும்.

மார்ச் 6, வியாழன்
மதியம் ஓர் அம்மா வந்தார். "வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருக்காரு. அடுத்த வாரம் இதயத்துல ஆபரேஷன். மனுஷன் சிரிச்சு ஒரு மாசமாச்சு. சிரிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க." அட்டையில் மஞ்சள் குடையோடு ஒரு குண்டு மனிதர் நின்ற நாவலை எடுத்துக் கொடுத்தேன். "வயிறு வலிக்கச் சிரிப்பாரும்மா. நானே ரெண்டு தடவ படிச்சேன்." பில் போடும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 7, வெள்ளி
அக்கா அந்த நாவலின் இன்னொரு பிரதியைப் படித்திருக்கிறார். நேராக என்னிடம் வந்தார்.
"ரெண்டு தடவ படிச்ச தம்பி, அந்தக் குண்டு மனுஷன் என்ன ஆனாரு?"
"ஊர் சுத்தப் போவாரு."
"போனாரு. நாப்பதாம் பக்கத்துல, ஆபரேஷன் மேஜையிலயே போயிட்டாரு. மிச்சப் பக்கம் பூரா பொண்டாட்டி அழறா."
கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றாவது கேட்டேனா? படிக்காம குடுத்தியேடா பாவி. அந்தாளுக்கு ஏதாவது ஆச்சுன்னா —

மார்ச் 9, ஞாயிறு
சாப்பாடு இறங்கவில்லை. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னேன். "பொய் சொல்றது உங்க பழக்கம், சரி. அதுக்கு இதய நோயாளிதானா கிடைச்சாரு?"

மார்ச் 10, திங்கள்
அந்த அம்மா கடைக்குள் நுழைவதைப் பார்த்ததும் அகராதி அலமாரிக்குப் பின்னால் பதுங்கினேன். "அங்கதான் இருக்காரும்மா" என்று அக்கா காட்டிக்கொடுத்தார்.
"மன்னிச்சிடுங்கம்மா. நான் படிக்கவே இல்ல."
"தெரியும். நான்தான் அவருக்குச் சத்தமாப் படிச்சேன். நாப்பதாம் பக்கம் வந்ததும் குரலே வரல. என்னையே பாத்தாரு. அப்புறம், 'அந்தக் கடைக்காரன் சத்தியமாப் படிச்சிருக்க மாட்டான்டி'ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, நர்ஸே ஓடி வந்துட்டா. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கிறப்ப ரெண்டு பேருக்கும் அழுகை. ஒரு மாசமா ஆளுக்கொரு பக்கம் பயத்த ஒளிச்சு வெச்சிருந்தோம். அன்னைக்குதான் பேசினோம்."
அப்போதுதான் அலமாரியை விட்டு வெளியே வந்தேன்.
"வியாழக்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை வரேன். இன்னொண்ணு வேணும். இந்தத் தடவ படிச்சிட்டுக் குடுங்க."

மார்ச் 11, செவ்வாய்
மூன்று புத்தகம் எடுத்தேன். முதலாவதில் பதினொன்றாம் பக்கத்திலேயே சாவு. இரண்டாவதில் சாவும் இல்லை, சிரிப்பும் இல்லை. மூன்றாவது, பல்செட்டைத் தொலைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாமல் திண்டாடும் நீதிபதியின் கதை. கடைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். முதலாளி கதவைத் தட்டி, "உள்ள தனியா என்னய்யா சிரிப்பு?" என்றார்.

மார்ச் 12, புதன்
"யாரும் சாகலம்மா. கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன்."

மார்ச் 13, வியாழன்
நாள் முழுக்க வாசலையே பார்த்தேன். ஆபரேஷன் அன்று எதற்குக் கடைக்கு வரப்போகிறார்? தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

மார்ச் 24, திங்கள்
தகவல் இல்லை. அக்கா என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்
மெலிந்த ஒரு மனிதர் அடிமேல் அடி வைத்து வந்து, என் எதிரில் நின்று மூச்சு வாங்கினார். "அந்த நீதிபதி குடுத்த தீர்ப்பு தப்பு" என்றார். பின்னால் அந்த அம்மா, கண்ணெல்லாம் சிரிப்பு. அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். தீர்ப்பு சரிதான் என்று முக்கால் மணி நேரம் வாதாடினேன். அவரும் விடவில்லை. "உடம்பு சரியில்லாதவர்கிட்ட கொஞ்சம் தோத்துத்தான் போயேன் தம்பி" என்றார் அக்கா. எப்படித் தோற்பது? நான் படித்திருக்கிறேனே!

ஏப்ரல் 22, செவ்வாய்
கடைக்கு அரை மணி தாமதம். பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டியதே தெரியவில்லை. முதலாளி காரணம் கேட்டார்.
"கொலைகாரன் யாருன்னு தெரியாம எறங்க முடியல சார்."
முறைத்தார். கொஞ்சம் கழித்து, "யாராம்?" என்றார்.