விட்டுப்போன ஸ்வரங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மிஷினை மிதித்தே தீருவேன் என்று அடம் பிடிக்காதே.

பன்னிரண்டு வருஷமாக ஓட்டல் ஓட்டலாகக் கிதார் வாசித்த உன் மகனுக்கு இன்று ஒரு ஜாஸ் குழுவில் நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. தேர்வில் ஒரு சின்ன வேடிக்கை. ஜாஸில் நம் முறை வந்ததும் மற்றவர்கள் அடக்கி வாசிப்பார்கள்; நாம் மனதில் தோன்றுவதை அங்கேயே வாசிக்க வேண்டும். என் முறை வந்தபோது இடது மோதிர விரல் மரத்துவிட்டது. ஒன்றுமில்லை, குளிர்தான். அந்த விரல் தொட வேண்டிய ஸ்வரங்களையெல்லாம் விட்டுவிட்டு வாசித்தேன். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

முடிந்ததும் குழுத் தலைவரான பியானோக்காரர் எழுந்து வந்தார். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

"எல்லாரும் கொட்டித் தீர்த்துடுவாங்க. நீங்கதான் சும்மா இருக்க வேண்டிய இடத்துல சும்மா இருந்தீங்க. அடுத்த வாரம் ரெக்கார்டிங். முதல் பாட்டு குதிரை வேகம், மூச்சு விட நேரமிருக்காது. தயாரா வாங்க."

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

என் பழைய கம்பளிக் கையுறையை அனுப்பு. அப்புறம், உனக்குக் கை மரத்து ஊசி நழுவியதே, அப்போது முதலில் போனது எந்த விரல்? திரும்ப வர எத்தனை நாளாயிற்று? எனக்கில்லை, ட்ரம்ஸ்காரர் கேட்கச் சொன்னார்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். பதிலைக் கடிதத்தில் எழுதாதே, இது கிடைத்ததும் போன் செய். பாவம், ட்ரம்ஸ்காரர் பயந்துபோயிருக்கிறார்.

உன் மகன்