இராஷ்டிரகூடர் வீட்டுச் சண்டை

அடுத்த வீட்டுப் பெண் பரீட்சைக்குச் சத்தம்போட்டுப் படிக்கிறாள். "உள்நாட்டுப் போர்களால் இராஷ்டிரகூடப் பேரரசு வீழ்ந்தது." அவ்வளவுதான், அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். நீங்கள் இருந்திருந்தால் சுவரைத் தட்டி அவளைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

அந்த ஒரு வரியை எனக்குச் சொல்ல உங்களுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து முக்கால் வழி ஆயிற்று. ஐம்பத்தைந்தாம் வருஷமோ ஐம்பத்தாறோ, கல்யாணமான கையோடு மத்திகிரி வீட்டுக்கு என்னை அழைத்துப்போன பஸ் அது. பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவர் புது மனைவியிடம் வேறென்ன பேசுவார்? ஒரே வீட்டார் அரியணைக்கு அடித்துக்கொண்டதையும், சிற்றரசர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்ததையும், தலைநகர் கொள்ளைபோனதையும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கடைசியாக மிஞ்சிய பேரன் பட்டத்துக்கு வரமுடியாமல், பட்டினி கிடந்தே உயிரை விட்டான் என்றபோது நான் அழுதுவிட்டேன்.

"என்னம்மா, தப்பா ஏதாச்சும் சொல்லிட்டனா?" என்று பயந்துபோனீர்கள்.

"எங்க ஊட்லயும் இதாங்க நடக்குது."

அப்பா போனபிறகு மாந்தோப்புக்காக அண்ணனும் சித்தப்பாவும் கோர்ட்டுக்குப் போனதை அப்போதுதான் சொன்னேன். பங்காளிகள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா என் கல்யாணத்துக்கே வரவில்லை.

என் வளைகாப்புக்கு முந்தின ஞாயிறு எங்கோ போய்வந்தீர்கள். கேட்டதற்கு, "சும்மா, கோட்டை பாத்துட்டு வந்தன்" என்றீர்கள். வளைகாப்பன்று வாசலில் சித்தப்பா நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணன் துண்டை உதறி எழுந்தார். நீங்கள் குறுக்கே போய் நின்றீர்கள்.

"மச்சான், தோப்பு யாருக்குன்னு கோர்ட்டு சொல்லட்டும். இன்னிக்கி உங்க தங்கச்சிக்கு ரெண்டு பேரும் வேணும்."

அண்ணன் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தபடி. சித்தப்பா என் தலையில் கைவைத்தார்.

"உம் புருசன் வந்து வெகுநேரம் ஏதோ ராஜா கதை சொன்னாரு பாப்பா. எனக்கு ஒண்ணும் புரியல. கடைசீல, 'அவ அழறா'ன்னாரு. அது புரிஞ்சுது."

வழக்கு அதன்பாட்டுக்கு நடந்தது. தோப்பு பாதியாயிற்று. அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் நம் வீட்டுக்கு இருவருமே வந்தார்கள், ஒருவர் சாப்பிடும் பந்தியில் மற்றவர் உட்காராமல்.

நீங்கள் போன அன்றைக்கும் வந்தார்கள். சித்தப்பாவுக்குப் பார்வை மங்கியிருந்தது, வாசற்படியில் தடுமாறினார். அண்ணன் அவர் கையைப் பிடித்து, "பாத்து, சித்தப்பா" என்று உள்ளே கூட்டிவந்தார். எத்தனையோ வருஷம் கழித்து அந்த வாய் அவரைக் கூப்பிட்டது. கூடத்தில் கிடத்தியிருந்த உங்களுக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.