கட்டாமல் விட்ட படகு

ஏப்ரல் 26

விடைத்தாள் வேலை முடிந்தது. கட்டுகளைத் துறைத்தலைவர் அறையில் ஒப்படைத்தேன். "உட்காருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே இருந்தார். என்னிடம் படித்தவர். களிமண் பாறையையும் சுண்ணாம்புப் பாறையையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து விழித்தவர். எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் அமர்ந்து என் விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

"எங்க சார், வழக்கம்போல ஆத்துக்கா? மச்சானோடயா?"

"தனியா."

"இந்த வயசுலயா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். அங்கே ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

ஏப்ரல் 30

கூடாரத்தைக் கூடத்தில் விரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். மனைவி அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

"என் தம்பிகிட்ட ஒரு போன் போட்டுப் பேசினா என்ன குறைஞ்சு போயிடும்?"

"லீவு கெடைக்கலன்னு பொய் சொன்னவன் அவன். நான் ஏன் பேசணும்?"

"ஒரு வருஷம் ஆச்சுங்க. உங்களுக்குக் கோபத்த உள்ள கூப்பிடத் தெரியும். வெளிய அனுப்பத்தான் தெரியாது."

அவளுக்கு எல்லாமே சின்ன விஷயம். இது சின்ன விஷயமா? எத்தனையோ கோடைகள் நானும் மச்சானும் இரட்டை இருக்கைக் கயாக் படகில் சாதுவான ஆறுகளாகப் பார்த்துப் போய்வந்தோம். தெற்கே இருக்கும் இந்த ஒரு ஆற்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தோம். அணை கிடையாது, கரையோரம் சாலை கிடையாது, வழியெல்லாம் பாறை. நன்றாகத் தேறிய பிறகு சேர்ந்து போவதாகப் பேச்சு. போன கோடையில் "லீவு கெடைக்கல அத்தான்" என்றான். பிறகு யாரோ அனுப்பிய படத்தில் பார்க்கிறேன். அதே ஆறு. அலுவலக நண்பர்கள் நடுவில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒற்றை இருக்கைப் படகு ஒன்று வாங்கிவிட்டேன். அவன் இல்லாமலும் ஆறு ஓடும்.

மே 4

ஆற்றில் இறங்கியாயிற்று. பாலத்தடி ஊர்க்காரரான வண்டிக்காரர் படகைக் கூரையில் கட்டி மேலே கொண்டுவந்து விட்டார். வியாழக்கிழமை பாலத்தடியில் என்னை ஏற்றிக்கொள்வார். கிளம்பும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். "ஒத்த ஆளா சார்?" என்றார்.

தண்ணீர் பச்சையாக, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிவு. வெயில் தோளைப் பொசுக்குகிறது. கையை நனைத்துப் பின்கழுத்தில் வைத்தால் உடம்பு முழுக்கச் சிலிர்க்கிறது.

மதியத்துக்குள் துறைத்தலைவரோடு வாய்விட்டு ஒரு சண்டை போட்டு முடித்தேன். தேர்வுக் குழுவோடு இன்னொன்று. மச்சானோடு மூன்று. எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். கரையோரம் பெரிய பறவை ஒன்று எழுந்து போனது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் வளைவில் மறைந்துவிட்டது.

இரவுக்குத் தட்டைப் பாறை ஒன்று கிடைத்தது. படகையும் மேலே தூக்கிக் கூடாரத்தின் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.

மே 5

இன்று இந்த ஆற்றின் பெரிய பாய்ச்சல், பாறைகளுக்கிடையே தண்ணீர் சீறி இறங்கும் இடம். தூரத்திலேயே இரைச்சல் கேட்டது. கரையில் இறங்கி நடந்து, பாறைகளுக்கிடையே வழியைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கம் நாக்குப்போல வழுவழுப்பாகத் தண்ணீர் இறங்கும் இடம், அங்கே நுழைய வேண்டும். அடுத்த பாறைக்கு முன்னால் வலப்பக்கம் துடுப்பால் இரண்டு வலுவான வீச்சு.

நுழைந்தேன். முகத்தில் அறைந்தது, மடி நிறையத் தண்ணீர். வலப்பக்கம் இரண்டு வீச்சு. வெளியே வந்துவிட்டேன்!

"எப்படி?" என்று முன்னிருக்கையைப் பார்த்துக் கத்தினேன். இந்தப் படகில் முன்னிருக்கை கிடையாது.

மாலையில் அகலமான மணல் திட்டு. பழைய வெள்ளம் விட்டுப்போன சருகுக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நன்றாக மேலே மேட்டில் கூடாரம் போட்டேன். பாறையையும் ஆற்றையும் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியது வீண்போகவில்லை. அடுப்பை மூட்டித் தேநீர் வைத்தேன். தூரத்து மலைமேல் மின்னல். இங்கே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது.

எல்லாம் முறைப்படி நடந்தது. தனியாக.

மே 6

படகு இல்லை.

மே 6, மதியம்

முதலில் திருட்டு என்று நினைத்தேன். கத்தினேன். இந்த அத்துவானத்தில் யார் வந்து திருடுவார்கள்? மச்சான் சொல்லி யாரோ விளையாடுகிறார்கள் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது.

பிறகு மணலைப் பார்த்தேன். மலையில் பெய்த மழைத்தண்ணீர் ராத்திரி வந்து திட்டின் பாதியை நனைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. கூடாரத்துக்குக் கிட்டக்கூட வரவில்லை. கீழே படகு கிடந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தது. லைஃப் ஜாக்கெட்டைப் படகுக்குள்ளேயே திணித்து வைத்திருந்தேன். துடுப்பும் அதில்தான்.

ஏன் கட்டவில்லை? பத்தடியில் தடியான மரம் நிற்கிறது. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. மறக்க வேண்டுமென்றால் முதலில் அந்த நினைப்பு இருந்திருக்க வேண்டுமே.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடங்களில் நான் ஒரு தடவையாவது படகைக் கட்டியிருக்கிறேனா? கரை வந்ததும் முன்னிருக்கைக்காரன் கயிற்றோடு குதிப்பான். பின்னிருக்கைக்காரன் கூடாரப் பையை எடுத்துக்கொண்டு மேடு தேடிப் போவான். நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. படகு அப்படி, அதனால் வேலையும் அப்படி அமைந்துவிட்டது. நேற்றும் என் பங்கை ஒரு குறையில்லாமல் செய்தேன். மச்சானின் பங்கு செய்யப்படாமல் கிடந்தது.

இதற்கும் அவனைத்தான் திட்டத் தோன்றுகிறது. என்ன மனுஷன் நான்!

மே 7

கரையோரமாகவே நடக்கிறேன். நடை என்று இதைச் சொல்லக்கூடாது. முள், பாறை, தண்ணீரில் இறங்கி ஏறுவது, மறுபடி முள். முதுகில் கூடாரம். போனில் சிக்னல் இல்லை. ரொட்டி கொஞ்சம் இருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறேன்.

இன்று யாரோடும் சண்டை போடவில்லை. மூச்சு அதற்குப் போதவில்லை.

சாயங்காலம்தான் அது மண்டையில் உறைத்தது. படகு எங்கேயும் சிக்காமல் போயிருந்தால் எனக்கு முன்னால் பாலத்தை அடைந்திருக்கும். காலியாக. உள்ளே லைஃப் ஜாக்கெட்டோடு. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? வண்டிக்காரரிடம் என் மனைவியின் நம்பர் இருக்கிறது. ஐயோ, அவகிட்ட என்னன்னு சொல்லுவாங்க? நான் இங்க நல்லாத்தான் இருக்கேன் — யாருகிட்ட போய்ச் சொல்றது?

மே 8, பாலத்தடி

வண்டிக்காரர் வீட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையில் ஒரு வளைவைத் தாண்டியதும் ஆற்றில் ஒருவன் தெரிந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நீளமான கம்பைப் பாறையடிக் குடைவுக்குள் விட்டு மெல்லத் துழாவினான். எடுத்தான். ஓரடி நகர்ந்தான். மறுபடி விட்டான். மீன் பிடிக்கிறவன் என்று நினைத்து, நிம்மதியில் கையைத் தூக்கினேன். கூப்பிட வாயும் திறந்தேன்.

முதுகு தெரிந்தது. எத்தனை கோடையாக என் முன்னால் உட்கார்ந்திருந்த முதுகு.

அவன் மீன் தேடவில்லை. என்னைத் தேடிக்கொண்டிருந்தான். தண்ணீருக்கு அடியில்.

அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. தூக்கிய கையை இறக்கிவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். கம்பு எதிலோ தட்டியபோது அவன் அசையாமல் நின்றான். பிறகு அதைப் பாறையில் சாத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் தடவினான். ஊறிப்போன கட்டை ஒன்று வந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு முகத்தைக் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகத் தேடட்டும் என்று இருந்ததா? இவ்வளவு தேடுவானா என்று இருந்ததா? இரண்டும்தான். அதில் ஒரு சுகம் இருந்தது.

அடுத்த குடைவுக்கு அவன் கம்போடு நகர்ந்தபோதுதான் குரல் வந்தது. "டேய்."

அவன் திரும்பினான். கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன். கம்பை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"உயிரோடதான் இருக்கீங்களா? நேத்துலேர்ந்து நாயா அலையறேன்! அக்கா அங்க சாப்பிடாம கெடக்கா! படகக் கட்டத் தெரியாதா உங்களுக்கு? டாக்டர் பட்டம் வேற!"

"நீதானே எப்பவும் கட்டுவே" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

என்னையே பார்த்தான். கம்பை ஆற்றில் எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்தான். எங்கள் சத்தம் கேட்டு, எதிர்க்கரையில் தேடிப் போயிருந்த வண்டிக்காரர் ஆற்றைக் கடந்து வந்தார்.

பாலத்துக்கு வரும் வழியில்தான் கேட்டான். "எப்ப வந்தீங்க அங்க?"

"இப்பதான்" என்றேன்.

மே 9

வீடு. மனைவி தட்டை மேசையில் வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது. கை கழுவிவிட்டு வந்தபோது என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மே 12

"இப்பதான்." இந்த ஒரு சொல் தூங்கவிடமாட்டேன் என்கிறது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன் எனக்குச் சொன்ன பொய்யை ஒரு வருடம் வைத்து வளர்த்தவன் நான்.

மே 16

மச்சான் வந்தான். பாலத்துத் தூணில் சிக்கியிருந்த படகை வண்டிக்காரரிடமிருந்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். மூக்கு நசுங்கியிருக்கிறது. வாசலில் இறக்கி வைத்தோம். அவள் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் இப்பதான் வந்தேன்னு சொன்னது பொய். ரொம்ப நேரமா நின்னு பாத்துட்டிருந்தேன்."

படகின் கீறலை விரலால் தடவிக்கொண்டே சொன்னான். "தெரியும் அத்தான்."

"தெரியுமா?"

"உங்க உடம்புக்கு அந்த மரம் பத்துமா? ரெண்டு பக்கமும் முதுகுப்பை நீட்டிட்டு நிக்குது. பாத்துட்டேன். உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. அப்புறம் பாத்தா ஆளு ஒளிஞ்சு நிக்கறாரு. வந்துச்சே ஒரு ஆத்திரம்! பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்னு இன்னொரு பாறைக்குப் போனேன். தேட அங்க ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சே தேடினேன்."

சிரிப்பதா என்று தெரியவில்லை. இருவருமே சிரிக்கவில்லை. பிறகு கேட்டேன், ஒரு வருடமாகக் கேட்க நினைத்ததை. ஏன் பொய் சொன்னாய்?

"சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

"உங்களோட போனா நான் ஆத்தப் பாக்கறதே இல்ல அத்தான். காலைல ஆரம்பிப்பீங்க, அந்தத் தலைவரு, அந்தக் கமிட்டி, இருபது வருஷத்துக்கு முன்னாடி எவனோ சொன்னது. பின்னாலேர்ந்து காதுக்குள்ளயே பேசிட்டு வருவீங்க. திரும்பிப் போதும்னு சொல்லலாம்னா படகு ஆடும். இந்த ஒரு ஆத்தையாவது சத்தமில்லாம பாக்கணும்னு இருந்துச்சு. அத எப்படி உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது? லீவு கெடைக்கலன்னுட்டேன்."

உள்ளேயிருந்து அவள் தேநீர் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தோம்.

மே 17

நான் அப்படியா பேசுகிறேன்? மனைவியிடம் கேட்டேன். "இத இப்பதான் கேக்கறீங்களா?" என்றாள்.

மே 18

கோபம் வருகிறது. எவ்வளவு நல்ல விஷயங்களையும் பேசியிருக்கிறேன்! அதெல்லாம் அவன் காதில் விழவில்லையா? என்ன பேசினேன் என்று ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தேன். சீக்கிரமே நிறுத்திவிட்டேன்.

மே 21

மச்சானுக்குப் போன் போட்டேன். மழை பிடிப்பதற்குள் மிச்ச ஆற்றை முடித்துவிடலாமா என்றேன். "பேசாம வரேன்" என்று நானே சேர்த்துக்கொண்டேன். "அதெல்லாம் உங்களால ஆகாது அத்தான்" என்றான். வருகிறான்.

மே 28

ஆற்றில். பழைய இரட்டைப் படகு. யார் எங்கே என்று பேசிக்கொள்ளவில்லை. அவன் நேராகப் போய்ப் பின்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டான். முன்னால் உட்கார்ந்தால் ஆறு வேறு மாதிரி இருக்கிறது. மறைக்க முதுகில்லை. சாம்பல் நிறக் கொக்கு ஒன்று கல்லின்மேல் நின்றது. நாங்கள் கிட்டே போகும்வரை அது பறக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

காலை முழுவதும் இப்படியே. எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும். நேற்றுத்தான் துறைத்தலைவர் எனக்கு எதிராக ஒரு வேலை செய்திருந்தார், சாதாரண வேலை இல்லை. அதைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டேன்.

சாப்பிட்டு முடித்து மறுபடி கிளம்பிய பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"சரி அத்தான், சொல்லுங்க. அந்த ஆளு எப்படி இருக்காரு?"

"இருக்காரு" என்றேன்.

இன்னும் சொல்ல நிறைய இருந்தது. முன்னால் ஆறு ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் போகலாம் என்று அவனைக் கேட்டேன்.